தொப்புள்கொடி ஓரத்தில் ஒட்டியிருக்கிறது என்று ஸ்கேனில் வந்தால்: வடசென்னைக் கர்ப்பிணிகளுக்கு ஒரு வழிகாட்டி

21ஆவது வாரத்தில் எடுத்த ஸ்கேன் அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில், கீழிருந்து நாலாவது வரியில், என் குழந்தையின் தொப்புள்கொடி வழக்கமான இடத்தில் ஒட்டவில்லை என்பது இருந்தது. ஸ்கேன் எடுத்தவர் "எல்லாம் நல்லாயிருக்கு, போய்ட்டு வாங்க" என்றார். செக்கப்பில் முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். 27ஆவது வாரத்தில் வேறொரு இடத்தில் சர்க்கரை டெஸ்ட்டுக்குப் போனபோது, அங்கிருந்த டாக்டரம்மா பக்கத்தைப் புரட்டி, அந்த வரியின் கீழே பேனாவால் கோடு போட்டு, "இத யாரும் சொல்லலையாம்மா?" என்று கேட்டார். ஆறு வாரம் எனக்குத் தெரியாமலே ஓடியிருந்தது. அன்று ராத்திரி தண்டையார்பேட்டை வீட்டில் உட்கார்ந்து மொபைலில் கண்டதையும் படித்து, விடிய விடிய அழுதேன்.

உங்களுக்கு அந்த ராத்திரி வர வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. எனக்கு டாக்டர்கள் சொன்னதையும், நான் அலைந்து தெரிந்துகொண்டதையும் வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

1. அறிக்கையில் அந்த வரியைத் தேடுங்கள்

18 முதல் 22 வாரத்துக்குள் குழந்தையின் உறுப்புகளைப் பார்க்க எடுக்கும் அனாமலி ஸ்கேனில்தான் இது பெரும்பாலும் தெரியவரும். அறிக்கையில் 'பிளசென்டா', அதாவது நச்சுக்கொடி, என்ற தலைப்பின் கீழே 'கார்டு இன்சர்ஷன்' என்று ஒரு வரி இருக்கும். தொப்புள்கொடி நச்சுக்கொடியில் எந்த இடத்தில் போய் ஒட்டுகிறது என்பதைத்தான் அது சொல்கிறது.

'சென்ட்ரல்' என்றால் நடுவில். 'எக்சென்ட்ரிக்' என்றால் நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளி. இந்த இரண்டுக்கும் கவலை வேண்டாம். 'மார்ஜினல்' என்றால் நச்சுக்கொடியின் விளிம்பிலிருந்து 2 செ.மீ.க்குள் ஒட்டியிருக்கிறது. ஒரு குழந்தை சுமப்பவர்களில் ஏறத்தாழ 100க்கு 7 பேருக்கு இப்படி இருக்கும், பெரும்பாலோருக்கு ஒரு தொந்தரவும் வராது. குழந்தையின் வளர்ச்சியைக் கவனித்தால் போதும்.

'வெலமென்டஸ்' என்பதுதான் எனக்கு வந்தது. ஏறத்தாழ 100க்கு ஒருவர். இரட்டைக் குழந்தை என்றாலும், ஐ.வி.எஃப். சிகிச்சையில் தரித்திருந்தாலும் கூடுதலாக வரும். இதில் கொடி நச்சுக்கொடியைத் தொடுவதே இல்லை, பனிக்குடத்துச் சவ்வில் போய் முடிகிறது. கொடிக்குள் இருக்கும் ரத்தக்குழாய்களைச் சுற்றி வழவழப்பான ஒரு ஜெல்லி இருக்கும், அதுதான் அவற்றுக்குப் பாதுகாப்பு. சவ்வில் முடிந்த இடத்திலிருந்து அந்தக் குழாய்கள் ஜெல்லி இல்லாமல், பிரிந்து பிரிந்து நச்சுக்கொடிக்குப் போகின்றன. நசுங்கவோ கிழியவோ வாய்ப்பு அங்கேதான்.

அந்த வரியே அறிக்கையில் இல்லையென்றால் "கொடி எங்கம்மா ஒட்டியிருக்கு, பார்த்தீங்களா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். குழந்தை படுத்திருக்கும் விதத்தால் சில சமயம் தெரியாமல் போகும். அப்போது அடுத்த ஸ்கேனில் பார்க்கச் சொல்லிச் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடுகிறேன். இது கொடி கழுத்தைச் சுற்றுவது அல்ல. நான் சொன்னதும் எங்கள் மாமியார் "மாலை சுத்தியிருக்கா? மாமனுக்கு ஆகாதே" என்று பதறி, என் தம்பியைத் திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலுக்கு அனுப்பிவிட்டார். சுற்றுவது வேறு, ஒட்டும் இடம் மாறுவது வேறு. குடம் தூக்கியதாலோ, மாடிப்படி ஏறியதாலோ, கிரகணத்தில் வெளியே போனதாலோ இது வரவில்லை. நச்சுக்கொடி உருவாகும் ஆரம்ப வாரங்களிலேயே அமைந்துவிடுகிறது. நீங்கள் செய்த எதனாலும் வந்ததில்லை. எந்தக் கஷாயமும், எந்தப் படுக்கையும் அதை நடுவுக்குக் கொண்டுவராது.

2. முதலில் ஒரே ஒரு கேள்வி

வெலமென்டஸ் என்று வந்தால் டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "கர்ப்பப்பை வாய்க்குப் பக்கத்துல ரத்தக்குழாய் ஏதாவது போகுதா?"

அப்படிப் போனால் அதற்கு 'வாசா ப்ரீவியா' என்று பெயர். குழந்தையின் ரத்தக்குழாய் கர்ப்பப்பை வாயின் மேலேயோ, அதிலிருந்து சுமார் 2 செ.மீ.க்குள்ளேயோ ஓடும். பனிக்குடம் உடையும்போது அந்தக் குழாயும் கிழிந்தால், போகிற ரத்தம் தாயுடையது இல்லை, குழந்தையுடையது. 3 கிலோ குழந்தையின் உடம்பில் மொத்தமே 300 மில்லிக்குள்தான் ரத்தம் இருக்கும். நாம் காபி குடிக்கும் டம்ளரில் இரண்டு டம்ளர். அதனால்தான் இந்தக் கேள்விக்கு இவ்வளவு அவசரம்.

இதை வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனில் மட்டும் உறுதிசெய்ய முடியாது. உள்வழியாக எடுக்கும் டி.வி.எஸ். ஸ்கேனும், அதோடு ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் கலர் டாப்ளரும் வேண்டும். உள்வழி ஸ்கேன் குழந்தையைத் தொடாது, வலிக்காது. நானும் முதலில் பயந்தேன், ஐந்து நிமிடத்தில் முடிந்தது. என் அறிக்கையில் 'வாசா ப்ரீவியா இல்லை' என்று தனி வரியாக எழுதச் சொல்லி வாங்கினேன். வாயால் சொன்னால் ஏற்காதீர்கள், எழுத்தில் வாங்குங்கள்.

உங்களுக்கு இருக்கிறது என்று வந்துவிட்டால், தயவுசெய்து இதைப் படியுங்கள். முன்கூட்டியே தெரிந்த வாசா ப்ரீவியாவில் குழந்தைகள் மிகப் பெரும்பாலும் நல்லபடியாகப் பிறக்கிறார்கள். ஆபத்தெல்லாம் தெரியாமல் இருப்பதில்தான். வழக்கமாக 30 முதல் 34 வாரத்துக்குள் மருத்துவமனையில் சேர்த்துக்கொள்வார்கள், குழந்தையின் நுரையீரல் முதிர ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள், வலி வரும்வரை காத்திருக்காமல் 34 முதல் 37 வாரத்துக்குள் சிசேரியன் செய்வார்கள். சிலருக்குக் கர்ப்பப்பை விரிய விரிய அந்தக் குழாய் வாயைவிட்டு விலகிவிடும், அதனால் 32ஆவது வாரத்தையொட்டி மறுபடி பார்ப்பார்கள். விலகிவிட்டது என்று டாக்டர் சொல்லும்வரை தாம்பத்திய உறவு வேண்டாம், கையை விட்டுப் பரிசோதிக்க யாரையும் அனுமதிக்கவும் வேண்டாம்.

3. ஃபைல் போடுங்கள், ஒரே ஃபைல்

நாலு பிளாஸ்டிக் கவரில் நாலு காகிதம் வைத்திருந்தேன். அந்த ஆறு வாரம் போனதற்கு அதுவும் ஒரு காரணம். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணி எடுக்கப் போனபோது 60 ரூபாய்க்கு ஒரு ஜிப் ஃபைல் வாங்கினேன். அதன் முதல் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதி வைத்தேன்: 'வெலமென்டஸ் கார்டு. வாசா ப்ரீவியா இல்லை. 28ஆம் வாரம் பார்த்தது. ரத்த வகை ஓ பாசிட்டிவ்.' அதற்குப் பிறகு என்னைப் பார்த்த ஒவ்வொரு டாக்டரும் முதலில் படித்தது அந்தத் தாளைத்தான்.

உள்ளே இருக்க வேண்டியவை:

- அனாமலி ஸ்கேன் அறிக்கையும் படங்களும். நகல் இரண்டு. ஸ்கேன் காகிதம் வெயிலில் மங்கும், மொபைலில் படம் எடுத்து வையுங்கள்.
- டி.வி.எஸ்., டாப்ளர் அறிக்கைகள், தேதி வரிசையில்.
- கர்ப்பத்தை அரசிடம் பதியும்போது தரும் ஆர்.சி.எச். எண் எழுதிய தாய் சேய் நல அட்டை. பிக்மி எண் என்று சொல்வதும் இந்த எண்ணையே.
- ஆதார் நகல், கணவருடையதும்.
- ரத்த வகைச் சீட்டு. நெகட்டிவ் வகை என்றால் 28ஆவது வாரத்து ஆன்டி-டி ஊசி போட்ட சீட்டு.

ஆர்.சி.எச். எண் பற்றி ஒரு வார்த்தை. தனியாரில்தான் பார்க்கப்போகிறோம், எதற்கு என்று பலர் விட்டுவிடுகிறார்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு அதைக் கேட்பார்கள். 12 வாரத்துக்குள் உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்சிடம் பதிந்துகொள்ளுங்கள், காசு கிடையாது. 102க்குப் போன் செய்தும் பதியலாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் இந்தப் பதிவுதான் அடிப்படை. மொத்தம் 18,000 ரூபாய், அதில் 14,000 பணமாகத் தவணையில், 4,000க்கு ஊட்டச்சத்துப் பெட்டகம். முதல் இரண்டு பிரசவத்துக்கு உண்டு, வயது 19 ஆகியிருக்க வேண்டும். வங்கிக் கணக்கு உங்கள் பெயரிலேயே இருக்கட்டும்.

4. ஸ்கேன் நாட்களும் செலவும்

இந்த ஒட்டலில் கவனிக்க வேண்டியது குழந்தையின் எடை. ஊட்டம் போகிற வழி பலவீனமாக இருப்பதால் சில குழந்தைகள் சிறுத்துப்போகும். அதனால் எனக்கு 28, 32, 36 வாரங்களில் வளர்ச்சி ஸ்கேனும் டாப்ளரும் எடுத்தார்கள். 36க்குப் பிறகு வாரம் ஒரு தடவை குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்க்கும் என்.எஸ்.டி.

தனியாரில் எனக்கு ஆனது: அனாமலி ஸ்கேன் 2,500, டி.வி.எஸ்.-டாப்ளர் 2,200, வளர்ச்சி ஸ்கேன் ஒன்றுக்கு 1,500 வீதம் மூன்று, என்.எஸ்.டி. 400 வீதம் மூன்று. ஆக 10,400 ரூபாய். இடத்துக்கு இடம் மாறும், போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். "டாப்ளரும் சேர்த்தா, தனியா?" என்று கேட்க மறக்காதீர்கள். கவுன்டரில் நின்ற பிறகு கூடுதல் காசு கேட்டு எனக்கு ஒரு தடவை திண்டாட்டமாகிவிட்டது. அரசு மருத்துவமனையில் இவை இலவசம், நேரம்தான் செலவு. காலை 7 மணிக்கே போய் ஓ.பி. சீட்டுப் போட்டால் மதியத்துக்குள் வரலாம்.

ஒவ்வொரு ஸ்கேனுக்கும் டாக்டரின் பரிந்துரைச் சீட்டும் அடையாள அட்டையும் வேண்டும். படிவம் எஃப் நிரப்பிக் கையெழுத்து வாங்குவார்கள். அது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி நடப்பது, குழந்தை ஆணா பெண்ணா என்று பார்க்கமாட்டோம் என்பதற்காக. சீட்டு இல்லாமல் போய்த் திரும்பி வராதீர்கள்.

அறிக்கையில் எடையின் பக்கத்தில் 'பர்சென்டைல்' என்று ஒரு எண் இருக்கும். அதே வாரத்துக் குழந்தைகள் 100 பேரை எடைப்படி வரிசையில் வைத்தால், உங்கள் குழந்தை கீழிருந்து எத்தனையாவது என்பதுதான் அது. 10க்குக் கீழே போனால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். எண் 10க்கு மேலே இருந்தும் ஸ்கேனுக்கு ஸ்கேன் சரிந்துகொண்டே வந்தால் அதையும் கேளுங்கள். எனக்கு 34, 22, 15 என்று இறங்கியது. மூன்று அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியபோதுதான் டாக்டர் என்.எஸ்.டி.யை உடனே தொடங்கச் சொன்னார்.

5. எங்கே பிரசவம் என்பதை 30 வாரத்துக்குள் முடிவுசெய்யுங்கள்

இதில்தான் வீட்டில் எனக்குப் பெரிய போராட்டம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று ஒரே பிடிவாதம். எங்கள் அம்மா வீடு செய்யாறு பக்கம் ஒரு கிராமம். அங்கே ராத்திரி இரண்டு மணிக்குப் பனிக்குடம் உடைந்தால் ஆபரேஷன் தியேட்டர் உள்ள இடத்துக்குப் போய்ச்சேர எவ்வளவு நேரம் என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு, "நீ அங்கயே இரும்மா, அம்மாவ நான் கொண்டாந்து விடுறேன்" என்றார். ஏழாம் மாதம் வளைகாப்பை இங்கேயே வைத்தோம், அம்மா மூட்டையோடு வந்து மூன்று மாதம் தங்கினார். யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

உங்களுக்கு அப்படி முடியாமல் ஊருக்குப் போயே ஆக வேண்டுமென்றால், 32 வாரத்துக்கு முன்பே அந்த ஊர் டாக்டரிடம் ஃபைலோடு ஒரு தடவை காட்டிவிடுங்கள். வலி எடுத்த பிறகு அறிமுகம் செய்துகொள்ள நேரம் இருக்காது.

மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். ராத்திரியிலும் மயக்க டாக்டர் இருக்கிறாரா? குழந்தைக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்தில் இருக்கிறதா? ரத்தம் உடனே கிடைக்குமா? தெருமுனை நர்சிங் ஹோம் எவ்வளவு கைராசியானது என்றாலும், குழந்தையை ஆம்புலன்ஸில் வேறு இடத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்றால் நமக்கு அது வேண்டாம். வடசென்னையில் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு மருத்துவமனை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தது, சிக்கலான பிரசவங்களை நாள்தோறும் பார்க்கும் இடம். அந்தப் பக்கம் வசதிப்பட்டால் எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனை. தனியார் என்றால், குழந்தைக்கான தீவிர சிகிச்சைக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு என்பதை எழுதி வாங்குங்கள், பிரசவப் பேக்கேஜில் அது சேராது. இன்சூரன்ஸ் இருந்தால் மகப்பேறுக்குக் காத்திருப்புக் காலம் முடிந்ததா என்று பாலிசியில் பாருங்கள்.

வெலமென்டஸ் என்பதாலேயே சிசேரியன் என்று யாராவது சொன்னால், ஏன் என்று கேளுங்கள். வாசா ப்ரீவியா இல்லாமல், வளர்ச்சியும் சரியாக இருந்தால் சுகப்பிரசவத்துக்கு வழி உண்டு. எனக்கு அப்படித்தான் ஆனது.

6. வழியை ஒத்திகை பாருங்கள்

நம் பக்கத்து ரோடு உங்களுக்குத் தெரியும். எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி வரிசை நின்றுவிட்டால் பைக்கே நுழையாது. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் போட்டால் காத்திருப்புதான். அதனால் வீட்டுக்காரரும் நானும் மூன்று தடவை ஆட்டோவில் போய்ப் பார்த்தோம்: காலை 9 மணிக்கு 40 நிமிடம், மதியம் 20, ராத்திரி 11 மணிக்கு 12. கேட் இல்லாத வழியை ஆட்டோக்கார அண்ணனிடம் கேட்டு வைத்துக்கொண்டோம், அவருடைய நம்பரும் வீட்டு எல்லோருடைய போனிலும் ஏறியது.

செக்கப்புக்கு மெட்ரோ நல்லது. விம்கோ நகர் தொடங்கி வண்ணாரப்பேட்டை வரை குலுங்காமல் வரலாம், லிஃப்ட் இருக்கிறது. ஆனால் நடுராத்திரியில் ஓடாது, அவசரத்துக்கு அதை நம்பாதீர்கள். 108க்குச் சொல்லும்போது தெருப்பெயரோடு பக்கத்து அடையாளத்தையும் சொல்லுங்கள்.

தேதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் விழுந்தால் இன்னொரு ஏற்பாடு வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நம் பக்கம் தெருத்தெருவாக நாள்கணக்கில் தண்ணீர் நின்றதை மறந்திருக்கமாட்டீர்கள். 36 வாரத்துக்கு மேல் ஆகி, கனமழை எச்சரிக்கை வந்தால், மருத்துவமனைக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கும் உறவினர் வீட்டுக்கு முந்தின நாளே போய்விடுங்கள். ஃபைலை ரெண்டு பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துப்போங்கள்.

7. வேலை, வீடு, அசைவு

வாசா ப்ரீவியா இல்லாத எனக்கு டாக்டர் படுக்கை ஓய்வு சொல்லவில்லை. சமைத்தேன், நடந்தேன், 34 வாரம் வரை வேலைக்குப் போனேன். சட்டப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பள விடுப்பு உண்டு, அதில் பிரசவத்துக்கு முன் 8 வாரம் வரை எடுக்கலாம். அதற்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். கர்ப்பத்தால் வரும் நோய்க்கும், குறைமாதப் பிரசவத்துக்கும் மேலும் ஒரு மாதம் வரை கேட்கலாம். டாக்டர் சான்றிதழில் 'வெலமென்டஸ் கார்டு இன்சர்ஷன்' என்றே எழுதி வாங்குங்கள், 'ஓய்வு தேவை' என்று பொதுவாக எழுதினால் அலுவலகத்தில் திருப்பிவிடுவார்கள்.

28 வாரத்திலிருந்து தினமும் ராத்திரி சாப்பிட்டதும் இடதுபக்கம் சாய்ந்து படுத்து அசைவை எண்ணினேன். இரண்டு மணி நேரத்துக்குள் 10 அசைவு வர வேண்டும். காலண்டர் தாளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. என் பிள்ளை அரைமணியில் பத்தையும் முடித்துவிடும். ஒரே ஒரு நாள் இரண்டு மணி நேரத்தில் ஆறுதான் வந்தது. "தூங்குது, விடு" என்றார்கள். நான் விடவில்லை, ராத்திரி பத்தரைக்குக் கிளம்பிப் போய் என்.எஸ்.டி. எடுத்தோம். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அங்கிருந்த சிஸ்டர் "வந்தது நல்லதும்மா, எத்தன தடவ வேணாலும் வா" என்றார்.

8. காத்திருக்காமல் கிளம்ப வேண்டியவை

வலி இல்லாமல் ரத்தம் பட்டாலும், ஒரு சொட்டானாலும். பனிக்குட நீர் உடைந்தால், அதில் சிவப்பு இருந்தால் அந்த நொடியே. அசைவு குறைந்தால். 37 வாரத்துக்கு முன் வயிறு விட்டு விட்டு இறுகினால். குளித்துவிட்டுப் போகலாம், விளக்கேற்றிவிட்டுப் போகலாம், ராகுகாலம் முடியட்டும் என்பதெல்லாம் இந்த நாலுக்கும் கூடாது.

9. பிரசவ அறையில் யார் யாரிடம் சொல்ல வேண்டும்

செக்கப்பில் பார்த்த டாக்டரே பிரசவத்தின்போது இருக்கமாட்டார். ஷிஃப்ட் மாறும். எனக்கு வலி தொடங்கியது காலையில், குழந்தை பிறந்தது ராத்திரி, இடையில் மூன்று குழு மாறியது. வலியில் எனக்குப் பேச்சு வரவில்லை. அம்மாவுக்கு முன்னாலேயே பாடம்போல் சொல்லிக்கொடுத்திருந்தேன். ஒவ்வொரு புது முகத்திடமும் அவர் ஃபைலின் முதல் தாளைக் காட்டி, "கொடி சவ்வுல ஒட்டியிருக்குங்க, இழுக்கக் கூடாதுன்னு சொன்னாங்க" என்றார்.

அவர்களிடம் சொல்ல வேண்டியது மூன்று. குழந்தையின் துடிப்பை விட்டு விட்டுக் கேட்காமல் தொடர்ந்து மானிட்டரில் பாருங்கள். பனிக்குடத்தைச் செயற்கையாக உடைப்பதற்கு முன் ஸ்கேன் அறிக்கையைப் பாருங்கள். நச்சுக்கொடி வரும்போது கொடியைப் பிடித்து இழுக்காதீர்கள். சவ்வில் ஒட்டிய கொடி அறுந்துபோகும், நச்சுக்கொடி உள்ளேயே தங்கினால் கையால் எடுக்க வேண்டிவரும், ரத்தப்போக்கும் கூடும். இதற்காகவே உங்கள் வகை ரத்தம் உள்ள இரண்டு பேரைத் தயாராக இருக்கச் சொல்லுங்கள்.

38 வாரம் 2 நாளில் 2 கிலோ 450 கிராமில் மகள் பிறந்தாள். நச்சுக்கொடி வர 25 நிமிடம் ஆனது, யாரும் அவசரப்படவில்லை. பிறகு டாக்டர் ஸ்டீல் டிரேயை என் பக்கம் சாய்த்துக் காட்டினார். நச்சுக்கொடி ஒரு பக்கம் கிடந்தது. கொடி அதைத் தொடாமல், கண்ணாடித் தாள் போன்ற சவ்வில் போய் நின்றிருந்தது. அங்கிருந்து மூன்று கருநீலக் குழாய்கள், பனங்கிழங்கின் வேர் மாதிரி, தனித்தனியாக நச்சுக்கொடியை நோக்கிப் போயிருந்தன. அவ்வளவு மெல்லிசு. அதன் வழியாகத்தான் ஒன்பது மாதம் அவள் சாப்பிட்டிருக்கிறாள்.

10. வீட்டுக்கு வரும்போது

டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் வாங்கியதும் அங்கேயே படியுங்கள். கொடி எப்படி ஒட்டியிருந்தது, நச்சுக்கொடி முழுசாக வந்ததா என்ற இரண்டும் அதில் இருக்க வேண்டும். என்னுடையதில் இல்லை, திருப்பிக் கொடுத்து எழுதச் சொன்னேன், பத்து நிமிடம்தான் ஆனது. அடுத்த கர்ப்பத்தின்போது டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

பிறப்பைப் பதிய 21 நாள், அதுவரை கட்டணம் இல்லை. மருத்துவமனையிலேயே விவரம் எடுத்து மாநகராட்சிக்கு அனுப்புவார்கள். அப்போது ஆர்.சி.எச். எண், உங்கள் இருவர் பெயரின் எழுத்துகள், வீட்டு முகவரி மூன்றையும் ஆதாரோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஃபைலைத் தூக்கிப்போடாதீர்கள், குழந்தையின் தடுப்பூசி அட்டையை அதே ஃபைலின் கடைசி உறையில் வைத்துக்கொள்ளுங்கள்.